ஏற்றத்தில் துள்ளாத வண்டி

“மகள், இது பள்ளிக்கூடத்துக் கணக்கில்ல. வில்லு.”

கிராண்ட்பாஸ் பகுதியிலிருந்த கராஜின் முஸ்லிம் மெக்கானிக்கை நானா, அதாவது அண்ணன், என்றே அழைப்போம்; அவர் என்னிடம் இப்படிச் சொல்லிவிட்டு, கையைத் துடைக்கத் துணி தேடினார். பக்கத்தில் நின்றவர் அப்பா. அவர் அன்று சொன்ன பதிலை, அவரது இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவினர்களும் நண்பர்களும் அறிய வேண்டும் என்றே எழுதுகிறேன்.

அப்பா பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தார். பள்ளிக்கூட வாசல் மிதிக்கவில்லை. இளம் வயதில் கொழும்புக்கு வந்து, மருதானையில் ஒரு கடையில் கண்ணாடி வெட்டப் பழகினார். அம்மாவை மணந்த பின் கொட்டாஞ்சேனையில் சொந்தமாகச் சிறிய கடை போட்டார். பழைய பிக்கப் ஒன்றை வாங்கி, பின்தட்டில் மரச்சட்டம் அடித்து, கண்ணாடிகளை நிறுத்திவைத்து வெள்ளவத்தை, தெஹிவளை வரை கொண்டுபோய் ஜன்னல்களில் பூட்டிக் கொடுப்பார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். என் வெள்ளைச் சீருடையில் கண்ணாடித் தூள் படக்கூடாதென்று, அதைக் கொழுவ உள்ளறையில் தனி ஆணி அடித்துத் தந்தவரும் அவரே.

யுத்த காலத்தில் கண்ணாடிக்காரருக்கு வேலை குறையவில்லை. நகரில் எங்காவது குண்டு வெடித்தால், மறுநாள் கடை வாசலில் ஆட்கள் நிற்பார்கள். “நம்ம யாவாரம் நல்லா நடக்குற நாளு நல்ல நாளு இல்ல புள்ள” என்பார் அப்பா. தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையோடு அந்த உடைந்த ஜன்னல்களுக்கு அளவெடுக்கப் போனபோது அவரை எப்படிப் பார்த்தார்கள் என்பதை வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை.

கடையிலிருந்து பெரிய வீதிக்கு ஏறும் இடத்தில், ஏற்றத்தின் நடுவிலேயே இராணுவ செக்பொயின்ட் ஒன்று இருந்தது. நிறுத்தித்தான் புறப்பட வேண்டும். பின்சில்லுகளுக்கு, அதாவது பின்சக்கரங்களுக்கு, மேலே வண்டியைத் தாங்கும் வளைந்த இரும்புத் தகடுகளின் அடுக்கைத்தான் வில்லு என்போம். எங்கள் வண்டியின் வில்லு தளர்ந்து போயிருந்தது. ஈரத் தரையில் கிளட்சை விட்டதும், பின்சில்லுகள் பிடிப்பதும் வழுக்குவதுமாகத் தடதடவென்று துள்ளும். ஒரு மழைக் காலையில் அப்படித் துள்ளியபோது பெரிய கண்ணாடியொன்று நொறுங்கியது. வெடிச்சத்தம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். மணல் மூட்டைகளுக்குப் பின்னால் பாய்ந்த சிப்பாய்கள் துப்பாக்கிகளை அப்பா மீது திருப்பினார்கள். அவரை இறக்கிப் பொலிசில் ஒப்படைத்தார்கள். கீழ் வீட்டுச் சிங்கள அன்ட்டி அம்மாவோடு போய், இவரை எனக்குத் தெரியும் என்று பிடிவாதமாக நின்றதால் மாலையில் விட்டார்கள்.

வீட்டுக்கு வந்த அப்பா முதலில் தேநீர் கேட்டார். குடித்து முடித்த பிறகே பேசினார்.

“இனி ஒருக்காத் துள்ளுனா சுட்டுருவானுங்க. அவனுங்களும் பயந்துதான் நிக்கிறானுங்க.”

“அந்த வண்டிய வித்துத் தொலைங்க” என்றார் அம்மா.

“வித்துட்டு? கண்ணாடியத் தலையில வச்சா தெஹிவளைக்குப் போறது?”

நானா லொறித் தகடுகள் இரண்டை வில்லில் சேர்த்துக் கொடுத்தார். துள்ளல் நின்றது. ஆனால் வண்டி விறைத்துப் போனது. காலி நகர் வரை போகும் காலி வீதியின் ஒவ்வொரு குழியும் கண்ணாடியைச் சுத்தியலால் தட்டியது. வெள்ளவத்தை போய்ச் சேருமுன் கீறல் விழுந்தது. பின்பக்கம் வேறு உயர்ந்து நின்றதால், எதையோ ஒளித்திருக்கிறார் என்று சிப்பாய்கள் வண்டிக்கு அடியில் தவழ்ந்து தேடினார்கள். அப்பா மறுபடியும் கராஜுக்குப் போனார். உயர்தர வகுப்பில் கணிதம் படித்துக்கொண்டிருந்த நானும் கூடப் போனேன்.

புதுத் தகடுகளைக் கழற்றச் சொன்னேன். முன்சில்லுகளுக்குக் கல் வைத்து, அப்பாவை மெதுவாகக் கிளட்ச் விடச் சொல்லிவிட்டு, பின்சில்லின் பக்கத்தில் முழந்தாளிட்டுப் பார்த்தேன். வில்லின் முன்பாதி மேலே எழும்பியது, பின்பாதி கீழே இறங்கியது. பாம்பு நெளிவது போல முறுக்கி, பிறகு உதறிக்கொண்டது. அந்த உதறல்தான் துள்ளல்.

“நானா, பின்பாதி இளகலாவே இருக்கட்டும், அப்பதான் குழியில கண்ணாடிக்கு அடி விழாது. முன்பாதியில மட்டும் அரைத் தகடு ஒன்னு வச்சு, கிளிப் போட்டு இறுக்குங்க, வில்லு முறுக்காது.”

“முழுத் தகடு போட்டே கண்ணாடி ஒடயிது. அரத் தகடாம்!” என்றார் நானா. அதைத் தொடர்ந்துதான், முதலில் எழுதிய அந்த வார்த்தை.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. நானாவைத்தான் பார்த்தார்.

“அவ சொல்றதச் செய்ங்க நானா. ஒடைஞ்சா என் கண்ணாடிதானே.”

நானா செய்தார். செய்யும்போது, வில்லின் முன்முனையிலிருந்த ரப்பர் கிழிந்திருப்பதைக் கண்டு அதையும் மாற்றினார். “இது ஒங்கட புத்தகத்தில ஈக்கா மகள்?”

“இல்ல நானா.”

“ஆ, அப்ப நானும் கொஞ்சம் படிச்சவன்தான்.”

அடுத்த மழைக் காலையில் நான் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். செக்பொயின்டில் நிறுத்தினார்கள், அட்டையைப் பார்த்தார்கள், போகச் சொன்னார்கள். அப்பா உள்ளங்கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டுக் கிளட்சை விட்டார். வண்டி சத்தமில்லாமல் ஏறியது. பழைய சத்தம் எங்கே என்று ஒரு சிப்பாய் சிங்களத்தில் கேட்டான். அப்பா தலையை வெளியே நீட்டி, “மகே துவ ஹெதுவே” என்றார். என் மகள் செய்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்த வீதியிலுள்ள எல்லா செக்பொயின்டிலும், கேட்காதவர்களுக்கும் அதைச் சொன்னார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. இன்று பெருமை மட்டுமே இருக்கிறது.

நெஞ்சு வருத்தத்தில் நோயாளியாகக் கிடந்த கடைசி மாதங்களில், படுக்கையில் இருந்தபடியே “கிளிப்ப இறுக்கிப் பாத்தியா?” என்று கேட்பார். வலியைப் பற்றி அவ்வளவு பேசியதில்லை.

பொலிஸ் நிலைய வாசலில் எங்களுக்காக நின்ற கீழ் வீட்டு அன்ட்டிக்கும், அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நானாவுக்கும், அத்தனை சோதனைகளையும் தாண்டி மலைநாட்டிலிருந்து வந்து அவரைச் சுமந்த உறவுகளுக்கும் அம்மாவும் நானும் கடமைப்பட்டிருக்கிறோம்.

வண்டியை என்ன செய்யப் போகிறீர்கள் என்று செத்தவீட்டில் பலர் கேட்டீர்கள். நான் லைசன்ஸ் எடுத்துவிட்டேன். போன திங்கட்கிழமை, நல்ல மழையில், வெள்ளவத்தைக்குக் கண்ணாடி ஏற்றினேன். அம்மா பக்கத்தில் இருந்தார். ஏற்றத்தில் நிறுத்தினார்கள், அட்டையைக் கொடுத்தேன், போகச் சொன்னார்கள். உள்ளங்கையைத் துடைத்துவிட்டுக் கிளட்சை விட்டேன். அம்மா கண்களை இறுக்கி மூடியிருந்தார். அவர் திறந்தபோது நாங்கள் பெரிய வீதிக்கு வந்திருந்தோம்.