வாசலில் எத்தனை ஜோடி

பட்டாசு விளம்பரத்தை யாரும் இரண்டு விநாடிக்கு மேல் பார்ப்பதில்லை. சிவகாசியில் ஒரு பட்டாசு கம்பெனியின் ஆபீசில் உட்கார்ந்து இன்ஸ்டாகிராமுக்கும் வாட்ஸப்புக்கும் விளம்பரம் எழுதுவதுதான் என் வேலை. அதனால் எனக்கு எந்நேரமும் அந்த இரண்டு விநாடி நினைப்புதான்.

"ஏம்மா, பாக்குறவன் நிக்கணும். நின்னு பாக்குற மாதிரி எழுது," என்பார் முதலாளி அண்ணாச்சி. சீசன் நெருங்க நெருங்க இதைக் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை சொல்வார்.

அதே கம்பெனிக்கு விஸ்வநத்தம் பக்கம் இருக்கும் பேக்டரியில் என் அக்கா வேலை பார்க்கிறாள், சங்குசக்கரத்துக்கு வெடிமருந்து திணிக்கும் ரூமில். தங்கச்சி கையிலாவது மருந்து ஒட்டக் கூடாது என்று என்னைப் படிக்க வைத்தவள் அவள்தான். இந்த ஆபீஸ் வேலைக்குச் சொல்லிவைத்ததும் அவள்தான்.

பேக்டரிக்குள் செல்போன் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அண்ணாச்சி சொல்லியிருந்ததால் எனக்கு மட்டும் கேட்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் நின்று தூரத்திலிருந்து படம் எடுக்க அனுமதி கிடைத்தது. அங்கிருந்து அக்காவின் ரூம் தெரிந்தது. திறந்த கதவு, உள்ளே இருட்டு, வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள். பச்சை, நீலம், ரோஸ் என்று கோலம் போட்டது மாதிரி அழகாக இருந்தன. அக்காவுடையதை உடனே கண்டுபிடித்துவிட்டேன். வார் அறுந்து ஊக்குப் போட்டிருந்தது. கதவோரச் சுவரில் 'ஆட்கள் 4' என்று சிவப்பு எழுத்து. அது படத்தைக் கெடுக்கிறதே என்று அந்தப் பக்கத்தை வெட்டிவிட்டேன்.

ஆபீசுக்கு வந்து என் மேதாவித்தனம் மொத்தத்தையும் காட்டி எழுதினேன்: 'உங்கள் தீபாவளிக்காக உழைக்கும் அக்காமார் உள்ளே. வாசலில் எத்தனை ஜோடி செருப்பு? சரியாக எண்ணிச் சொன்னால் கிப்ட் பாக்ஸ்!'

நின்றார்கள். நின்று எண்ணினார்கள். ஏழு, ஏழு என்று வந்துகொண்டே இருந்தது. சிலர் படத்தைப் பெரிதாக்கி, ஓரத்தில் இன்னொன்று தெரிகிறது, எட்டு என்று சண்டைக்கு வந்தார்கள். அண்ணாச்சி தன் கையாலேயே டீ கொண்டுவந்து கொடுத்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மத்தியானம் ஒருவர் எழுதியிருந்தார்: 'மருந்து ரூமுக்குள்ள நாலு பேர்தானே இருக்கணும்?'

வெட்டி எறிந்த சிவப்பு எழுத்து கண் முன்னால் வந்து நின்றது. இந்த ஊரில் பிறந்தவளுக்கு அது தெரியாததா? தீப்பிடித்தால் நாலு பேரோடு போகட்டும் என்பதற்காக வைத்த கணக்கு அது. ஊரையே எண்ணச் சொன்ன நான் மட்டும் எண்ணிப் பார்க்கவே இல்லை.

படத்தை அழித்தேன். "அதிகாரிக யாரும் பாத்திருப்பாகளோ?" என்று அண்ணாச்சி அதையே கேட்டுக்கொண்டிருந்தார். எட்டுப் பேரை ஏன் உட்கார வைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் கம்பெனிக்கு சீல் வைத்துவிடுவார்களோ என்ற பயம்தான் முதலில் வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த அக்கா சோற்றைத் தொடவில்லை.

"அடியே, என்னத்த எழுதித் தொலைச்ச? போர்மேன் எங்க அம்புட்டுப் பேரையும் நிக்க வச்சு வஞ்சுட்டாரு."

"ஏன்க்கா எட்டுப் பேர் உக்காருறீக?"

"சீசன்ல வேற எங்கன உக்காரச் சொல்ற? சீல் வச்சா எட்டு வீட்டுலயும் அடுப்பு எரியாது."

"வெடிச்சா?"

"மொதல்ல வாயக் களுவு," என்றாள். அன்று அவள் சாப்பிடவே இல்லை.

அடுத்த வாரம் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, "இப்ப எல்லாம் சரியா இருக்கும்மா. அந்த எழுத்தும் தெரியுற மாதிரி ஒரு படம் எடுத்துட்டு வா," என்றார். ஆட்களைக் குறைத்துவிட்டார்கள் என்று நம்பித்தான் போனேன். வேப்பமரத்தடியில் நின்று செல்போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவரில் 'ஆட்கள் 4'. வாசலில் நான்கு ஜோடி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக. ஊக்குப் போட்ட செருப்பைக் காணோம். அக்காவை வேறு ரூமுக்கு மாற்றியிருப்பார்கள் என்று நினைத்து மூச்சு விட்டேன்.

அப்போதுதான் மரத்துக்குப் பின்னால் கிடந்த சாக்கைப் பார்த்தேன். உள்ளே செருப்புகள். நாலு பேர் போக மற்றவர்கள் இங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு அந்த ரூமுக்குப் போகிறார்கள். மேலாகக் கிடந்த செருப்பில் ஊக்கு வெயிலில் மின்னியது.

ஏதாவது ஆகிவிட்டால் ஓடி வருகிறவர்கள் முதலில் வாசலைத்தான் பார்ப்பார்கள். நாலு ஜோடியை எண்ணுவார்கள். நாலு பேரைத்தான் தேடுவார்கள்.

அக்காவின் செருப்பைக் கையில் எடுத்தேன். அந்த வாசலில் கொண்டுபோய் வைக்கவும் பயம், திரும்பச் சாக்கில் போடவும் பயம். எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. கேட்டிலிருந்து, "முடிஞ்சுதாம்மா?" என்று சத்தம் கேட்டது. செருப்பைச் சாக்கில் போட்டுவிட்டுப் படத்தை எடுத்தேன். நான்கு ஜோடியும் தெளிவாக விழுந்திருந்தன.