பாயில் உதித்த சூரியன்

கோட்டாறு கோயில் திருவிழாவுக்குக் கடியப்பட்டணத்திலிருந்து மாட்டுவண்டியில் போனோம். தங்கும் கூடாரத்துக்காக எங்கள் மீன்பிடி வள்ளத்தின் பாய்மரத்தில் கட்டும் பாயையும் கொண்டுபோனோம். அன்று மாலை நாடகம் தொடங்கும் நேரத்தில் மேடையின் பின்படுதா காற்றில் கிழிந்துவிட்டது. உடனே என் கணவர் கூடாரத்தைப் பிரித்தார், பாயைக் கொண்டுபோய்க் கட்ட.

எனக்கு உடம்பே கூசியது. பாயின் நடுவிலிருந்த கிழிசலை என் பழைய சிவப்புச் சேலைத் துணியால் வட்டமாக ஒட்டுப்போட்டிருந்தேன்.

"வேண்டாம், எல்லாரும் சிரிப்பாவ" என்றேன். அவர் கேட்கவில்லை.

பாய்க்குப் பின்னால் காஸ் விளக்கு எரிந்ததும் அந்த ஒட்டு செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. ராஜா வேடக்காரர் அதைத் திரும்பிப் பார்த்தார். "சூரிய தேவா!" என்று கைகூப்பிப் பாடத் தொடங்கினார். கைதட்டல் அடங்கவே இல்லை.

"ஏட்டி, ஒனக்க சேலையைப் பாத்தியா?" என்றார் கணவர்.

அடுத்த வருஷம் புதுப் பாய் தைத்தோம். அதில் கிழிசலே இல்லை. ஆனாலும் நடுவில் ஒரு சிவப்பு வட்டம் வைத்துத் தைத்தேன்.