ஊருணி மீன்

செக்காலைக் கடையில் செய்து வாங்கிய துணிச் சின்னத்தை மகன் என் மடியில் போட்டான். நீல வட்டம், நடுவில் பந்து, பந்தின்மேல் ஒரு மீன்.

"எங்க கிளப்போட பழைய சின்னமாம்மா. ஒரு போட்டோல இருந்துச்சு. பனியன்ல தச்சுக் குடு."

புதுத்துணியின் கஞ்சி வாடை. இதே வாடைக்கு நடுவில்தான் அன்று என் அம்மா பதினோரு பனியன்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்து மீன் தைத்தாள்.

கோடையில் ஊருணி வற்றினால் அதுதான் எங்கள் ஊருக்கு மைதானம். வெளியூர்க்காரர்கள் மீனைப் பார்த்துச் சிரித்தால், கோல்கீப்பராக நின்ற என் அண்ணன், "தண்ணி கெடந்தா மீனுக்கு, வத்துனா எங்களுக்கு" என்பான்.

ஒரு வருடம் மழை முந்திக்கொண்டது. நட்ட கோல்கம்பங்கள் தண்ணீருக்குள் நின்றன. அவற்றைப் பிடுங்க இறங்கிய அண்ணன் சேற்றில் சிக்கி, மேலே வரவேயில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அவன் கூட்டாளிகள் பத்துப் பேரும் பனியன்களோடு வாசலில் நின்றார்கள். "மீன நீங்கதான் தச்சீக, நீங்களே பிரிச்சிருங்கம்மா" என்றான் ஒருவன். அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நெஞ்சில் ஊசித் துளைகள் மட்டும் வட்டமாக மிஞ்சின. பதினோராவது பனியன் அண்ணனோடு போயிருந்தது.

மாமா தண்ணீரில் போனது மகனுக்குத் தெரியும். மீனைப் பற்றி யாரும் சொன்னதில்லை. மகனின் கிளப்புக்கும் அந்த ஊருணிதான் மைதானம்.

பாதி வட்டம் தைத்தபின் கேட்டேன். "கோல்கம்பத்த எப்படா புடுங்குவீக?"

"மழை வரட்டும்மா, அப்பப் பாத்துக்கிருவோம்."

ஊசியை நூல்கண்டில் குத்தி வைத்துவிட்டேன்.