ஒரு புள்ளியால் தவறிய படம்

உலகத்தின் பெரிய சினிமா விருதுகள் அறிவிக்கப்படும் ஒவ்வொரு வருடமும், தொலைபேசியில் அந்தப் பட்டியலைக் கண்டதும் என் கை தானாக ஒரு சிவப்புப் பேனையைத் தேடும். இது பரம்பரை வியாதி. அப்பாவின் அக்காவிடமிருந்து எனக்குத் தொற்றியது.

தகப்பனின் சகோதரியை எங்கள் பக்கத்தில் மாமி என்போம். மாமி இணுவிலில் எங்கள் வளவுக்குள்ளேயே, கிணற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த சிறிய வீட்டில் தனியாக இருந்தார். கலியாணம் செய்யவில்லை. கணித ரீச்சர். வருடந்தோறும் பெரிய பரீட்சைகளின் விடைத்தாள் திருத்தப் போகிறவர். திருத்துவது அவருக்குத் தொழில் மட்டுமல்ல, சுபாவமும்தான். "மச்சாள் கோயிலுக்குப் போனாலும் ஐயரின்ரை பூசைக்கு மார்க்ஸ் போட்டிட்டுத்தான் வருவா" என்று அம்மா சொல்வார், மாமியின் காதில் விழாத தூரத்தில் நின்று.

அப்படிப்பட்டவருக்குச் சினிமாவில் பைத்தியம் பிடித்தால் என்ன ஆகும்? தடித்த மட்டை போட்ட ஒரு கொப்பி ஆகும். அதில் வருடத்துக்கு ஒரு பக்கம். இடது பக்க நிரலில் அந்த வருடம் பெரிய விருது பெற்ற படம், வலது நிரலில் மாமியின் கணக்கில் அந்த விருதைப் பெற்றிருக்க வேண்டிய படம். இரண்டுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று சிவப்பு மையில் புள்ளி, புள்ளிக்குப் பக்கத்தில் ஏ, பி, சி, எஸ், எஃப். இயக்குநர்களுக்குப் பெயர் கிடையாது, சுட்டெண் மட்டும்தான். பெயரைப் பார்த்தால் திருத்துகிறவரின் கை தன்பாட்டில் கூடப் போடுமாம். வகுப்பில் முதலாம் பிள்ளை ஒரு ஜப்பான்காரர். இரண்டாம் பிள்ளை ஒரு இத்தாலிக்காரர். அவருக்கு நேரே 'பிற்காலத்தில் கவனக் குறைவு' என்று குறிப்பு எழுதியிருந்தார். விருதுக் குழுவினருக்கும் ஒரு குறிப்பு இருந்தது. 'இவர்கள் வினாவை வாசிக்காமல் விடைக்குப் புள்ளி போடுகிறார்கள்.'

இளவயதில் பட்டணத்துத் தியேட்டர்களிலும், பிறகு கமுகு உயர அன்ரனா கட்டிக் கடல் தாண்டிப் பிடித்த இந்தியத் தொலைக்காட்சியிலும் பார்த்த படங்கள்தான் அந்தக் கொப்பி முழுவதும். மின்சாரம் இல்லாத வருடங்களில் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. பார்க்காத படத்துக்கு மாமி புள்ளி போடுவதில்லை. அந்த நேர்மையில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பெருமை.

எனக்குப் பத்து வயதில், போர் ஓய்ந்து, பாதை திறந்து, ஊர் கொஞ்சம் மூச்சு விட்ட காலத்தில், புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வந்தது. இரண்டு புள்ளியால் தவறிவிட்டேன். பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேரும் கனவு அந்த இரண்டு புள்ளியோடு போயிற்று. மூன்று நாள் அழுதேன். நான்காம் நாள், கூடப் படித்தவள் ஒருத்தி மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கிறாள் என்று கேள்விப்பட்டு அழுகையை நிறுத்தினேன். பள்ளிக்கூடத்தில் படிவம் வாங்கி, சுத்தமான கையெழுத்தில் நிரப்பி அப்பாவிடம் நீட்டினேன். அவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அப்பா படிவத்தைப் பார்த்தார், பிறகு கிணற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். படிப்பு விஷயத்தில் அக்கா தலையாட்டாமல் அவர் பேனையைத் திறக்க மாட்டார்.

மாமி தலையாட்டவில்லை. "குடுத்த மார்க்ஸ் குடுத்ததுதான். நாங்கள் வெய்யிலுக்கை இருந்து ஒவ்வொரு தாளாய்ப் பிரட்டித் திருத்திறம். ஒவ்வொரு பிள்ளையும் ரீகரெக்சன் எண்டு வெளிக்கிட்டால் என்ன மரியாதை? அடுத்த சோதினைக்கு ஒழுங்காய்ப் படி."

விண்ணப்பத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. நான் மாமியின் மருமகள். கணக்கு எனக்கும் ஓரளவு வரும். திருத்துகிறவர்கள் பிழை விடமாட்டார்கள் என்றால் மாமியின் கொப்பி எதற்கு? அந்தக் கொப்பி முழுவதும் விருதுக் குழுவினர் திருத்தியதை மாமி மீள்பரிசீலனை செய்ததுதானே? இதை அவரிடம் நேரே கேட்டால் காது சிவக்கும், என்னுடைய காது. ஆகவே ஓர் உதாரணத்தோடு போவது என்று தீர்மானித்தேன்.

உதாரணம் கைவசம் இருந்தது. ஒரு பழைய ஆங்கிலப் படம். அதன் வருடத்தில் மிகப் பெரிய விருது அதற்குத்தான். மாமி போட்டிருந்ததோ முப்பத்து நான்கு, எஃப். ஒரு புள்ளி கூட இருந்திருந்தால் எஸ் ஆகிப் பாஸாகியிருக்கும். கொப்பியில் விருது வாங்கியும் பெயிலான படம் அது ஒன்றுதான். அந்த வருடம் கனடாவிலிருந்து வந்த என் தாய்மாமன், மாமியின் பைத்தியத்தை அறிந்து, பழைய விருதுப் படங்களின் வட்டுகளை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார். அதற்குள் இந்தப் படமும் இருந்தது. மாமி மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, "உதை நீ வைச்சுக்கொள்" என்று இதை மட்டும் என்னிடம் தந்துவிட்டிருந்தார்.

நான் அதை முன்பே பார்த்து அழுதும் முடித்திருந்தேன். ஆங்கிலம் அரைகுறையாகத்தான் விளங்கியது, ஆனாலும் கதை விளங்கியது. புகையிரதக் கடவைக் காவலாளி ஒருவர். மகள் அவரோடு சண்டை பிடித்துக்கொண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் ரயில் ஏறிப் போகிறாள். அவள் போகும் ரயிலுக்குத் தகப்பனே கேற்றை மூடிப் பச்சைக் கொடி காட்ட வேண்டும். அத்தோடு முதலாவது வட்டு முடிந்துவிடும். எங்கள் ஊரில் அப்போது தண்டவாளமே இல்லை. நான் ரயிலைக் கண்டது அந்தப் படத்தில்தான்.

சனிக்கிழமை பின்னேரம், "மாமி, இந்தப் படத்துக்கு ரீகரெக்சன் கேக்கிறன்" என்றேன். ஒரு கொப்பித் தாளில் விண்ணப்பமே எழுதியிருந்தேன். விண்ணப்பதாரர் என்ற இடத்தில் என் பெயர், காரணம் என்ற இடத்தில் 'புள்ளி குறைவாக உள்ளது.'

மாமி அதை இரண்டு தரம் வாசித்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று நினைத்தேன். "நான் பிழை விட்டிருக்கிறன் எண்டு நிரூபிச்சால் உன்ரை படிவத்துக்கு ஓம் எண்டுறன். இல்லாட்டில் இந்தக் கதையை இனிக் கதைக்கக் கூடாது" என்றார். எங்கள் வீட்டு முன்னறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, பேனையும் கொப்பியுமாக இருந்தார்.

முதலாவது வட்டு ஓடி முடிந்தது. ரயில் போயிற்று, கொடி இறங்கிற்று. நான் இரண்டாவது வட்டைப் போட எழும்பினேன்.

"காணும், நிப்பாட்டு" என்றார் மாமி. "நான் இவ்வளவுதான் பாத்தனான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கைதட்டிக் குதித்தேன். "அப்ப நீங்கள் அரைவாசித் தாள்தான் திருத்தினனீங்கள்! மிச்சப் பக்கத்தைப் பிரட்டவே இல்லை! முப்பத்து நாலு நூறுக்கு இல்லை மாமி, அம்பதுக்கு!"

மாமி கதிரையிலிருந்து எழும்பி யன்னலடிக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பார்க்காததுக்குப் புள்ளி போடாதவர் ஒரே ஒரு தடவை தன் சட்டத்தை மீறியிருக்கிறார், அதை நான் பிடித்துவிட்டேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"மிச்சத்தைப் போடட்டே, மாமி?"

"வேண்டாம். என்ன நடந்ததெண்டு நீ சொல்லு."

சொன்னேன். வருடங்கள் போய் மகள் திரும்பி நடந்தே வருகிறாள். பனி கொட்டுகிறது. கேற் மூடிக் கிடக்கிறது. தகப்பன் கிழவராகிவிட்டார், கண்ணும் மங்கல். நடிப்போடு, குரலை மாற்றி மாற்றிச் சொன்னேன். வெற்றி பெற்றவள் அல்லவா, சிரித்துச் சிரித்துத்தான் சொன்னேன்.

மாமி திரும்பாமலே கேட்டார். "போகேக்கை அவள் ஒண்டும் சொல்லாமல்தானே போனவள். தேப்பன் அதைக் கேட்டவரோ?"

"இல்லை மாமி, ஒண்டும் கேக்கேல்லை. கேற்றைத் தூக்கி விட்டார், அவ்வளவுதான்."

மாமி யன்னலை விட்டுத் திரும்பினார். பிறகு வந்து, சிவப்புப் பேனையை என் கையில் தந்தார். அந்தப் பேனையை அவர் வேறு யாருக்கும் கொடுத்து நான் கண்டதில்லை. "மிச்சம் அம்பதுக்கும் நீ போடு. நீதான் பாத்தனி."

ஐம்பதும் போட ஆசை. அழ வைத்த படம். ஆனால் ஐம்பதுக்கு ஐம்பது போடுவது கைதேர்ந்த திருத்துநருக்கு அழகில்லை என்று மாமி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவரைப் போலவே புருவத்தைச் சுருக்கி யோசித்து, நாற்பது என்று எழுதினேன். கூட்டினால் எழுபத்து நான்கு. ஏ எடுக்க எழுபத்தைந்து வேண்டும். ஒரு புள்ளியால் தவறிப் பி.

மாமி அந்தக் கூட்டலைப் பார்த்தார். பேனையைத் திரும்ப வாங்கினார்; அதன் மூடி இரண்டு தரம் கொப்பியில் தட்டியது. ஒன்று கூட்டப் போகிறார் என்று நினைத்தேன்; கூட்டியிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். "குடுத்த மார்க்ஸ் குடுத்ததுதான்" என்று சொல்லிக் கொப்பியை மூடினார். பிறகு கிணற்றடியில் நின்ற அப்பாவைக் கூப்பிட்டார். "தம்பி, பிள்ளையின்ரை படிவத்திலை கையெழுத்தை வை."

விண்ணப்பம் போனது. இரண்டு மாதத்தில் பதிலும் வந்தது. புள்ளியில் மாற்றமில்லை. நான் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே படித்து, ஒரு குறையும் இல்லாமல் வளர்ந்தேன். ஆனால் மாமியின் தீர்ப்பை மாற்றியவள் என்ற பெருமையை வருடக்கணக்காகச் சொல்லித் திரிந்தேன். கலியாண வீடுகளில் சொன்னேன். மாமியை வைத்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டிருப்பார்.

போன வருடம் மாமி காலமானார். எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடிந்த பிறகு அலுமாரியை ஒழுங்குபடுத்தும்போது அப்பா அந்தக் கொப்பியை எடுத்து என்னிடம் தந்தார். நான் அந்தப் பக்கத்தைத் திறந்து, வழமைபோலக் கதையைத் தொடங்கினேன். அப்பா பாதியில் மறித்தார்.

"அக்கா ஏன் உதை அரைவாசியிலை விட்டவ எண்டு உனக்குத் தெரியாதோ?"

தெரியாது என்றேன்.

மாமிக்கு அப்போது பத்தொன்பது வயதாம். கம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், எடுபட்டு, போவதற்கு இரண்டு கிழமைதான் இருந்ததாம். சிநேகிதிகளோடு பட்டணத்துக்குப் படம் பார்க்கப் போகக் கேட்டபோது, அவர்களின் தகப்பனார் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். வாய்த்தர்க்கம். எங்கள் ஊரில் வீட்டுப்படி இறங்கும் எவரும் 'போட்டு வாறன்' என்று, அதாவது போய் வருகிறேன் என்று, சொல்லாமல் இறங்குவதில்லை. பூனையிடமாவது சொல்லிவிட்டுத்தான் போவார்கள். மாமி அன்று சொல்லாமல் போயிருக்கிறார்.

இடைவேளைக்குத் தியேட்டரில் விளக்குகளைப் போட்டபோது, திரையில் கையால் எழுதிய சிலைட் ஒன்றைக் காட்டினார்களாம். மாமியின் பெயர், ஊர், உடனே வாசலுக்கு வரவும்.

"வாசலிலை நிண்டது நான்தான்" என்றார் அப்பா. "பக்கத்து வீட்டு அண்ணை என்னைச் சைக்கிளிலை ஏத்திக்கொண்டு வந்தவர். ஐயா தோட்டத்திலை தண்ணி இறைச்சுக்கொண்டு நிண்டவர், நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்தவர் பிறகு எழும்பேல்லை. அக்காட்டை எப்பிடிச் சொல்லுறது? வீட்டை வரட்டாம் எண்டு மட்டும் சொன்னன். எனக்குப் பத்து வயசு."

மாமி கம்பஸ் போகவில்லை. ரீச்சர் வேலை எடுத்துத் தம்பியைப் படிக்க வைத்தார். படம் அரைவாசியில் நின்றது. அந்தப் பின்னேரத்துக்குத்தான் மாமி முப்பத்து நான்கு போட்டிருக்க வேண்டும்.

தகப்பன் அதைக் கேட்டவரோ என்று அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டது, மீதிப் பாதிக்குப் புள்ளி போடுவதற்காக என்றுதான் அன்று நினைத்தேன். நல்லவேளை, உள்ளதைச் சொன்னேன். கேட்கவில்லை, கேற்றைத் தூக்கி விட்டார். ஆனால் சிரித்துக்கொண்டு சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கொப்பி என் மேசையில்தான் இருக்கிறது. எழுபத்து நான்கு, பி, என் குழந்தைக் கையெழுத்தில். சிவப்புப் பேனையை எடுத்துக்கொண்டு எத்தனையோ தடவை அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டேன். மாமியின் குரல் கேட்கிறது, மூடி வைத்துவிடுகிறேன். அன்றைக்கே நாற்பத்தொன்று போட்டிருக்கலாம்.