கோட்டுடன் நின்றவர்

இசையரங்கில் கதவு பார்க்கிறவர்கள் சம்பளத்தோடு பாட்டும் கேட்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பாட்டுத் தொடங்கியதும் நாங்கள் கதவுக்கு வெளியில் நிற்போம். வாசலில் நின்று அந்நியரிடம் 'இல்லை' சொல்லிப் பிழைத்தவர்களுக்கு என் கஷ்டம் விளங்கும்.

தொண்ணூறுகளில் பட்டம் பெற்று, படிப்புக்கேற்ற வேலை தேடிக்கொண்டே ரொறொன்ரோவில் ஓர் அரங்கில் நின்றேன். அங்கே நடந்த ஓர் உக்ரேனிய இசை நிகழ்ச்சியை மறக்க முடியவில்லை. பெரிய வாத்தியக்குழுவோடு முதலில் தேவாலயப் பாடல்கள், பிறகு பழைய காதல் இசை, கடைசியில் புத்தம்புது இசை.

சாத்திய கதவு

தேவாலயப் பாடல்களை நிறுத்தாமல் தொடர்ந்து பாடினார்கள். இசை ஓயும்வரை கதவைத் திறக்கக்கூடாது. தொடங்கிச் சிறிது நேரத்தில், நகருக்கு வெளியே ஒஷாவாவிலிருந்து ஒருவர் மூச்சிரைக்க வந்தார். தேவாலயப் பாடல்களில் கடைசிப் பாடலில் அவருடைய மனைவி தனியாகப் பாடுகிறாராம். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு முடியாது என்றேன். அவர் சண்டை பிடிக்கவில்லை. கதவில் காதை வைத்துக்கொண்டார். அது வேறு நல்ல தடித்த கதவு.

வருகிற எல்லோரிடமும் கோட்டு வாங்கி வைக்கும் சுகந்தி அக்கா அவரிடமும் கையை நீட்டினார். வந்தவர் கோட்டில் ஒரு பொத்தானைத் திறந்து காட்டிவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டினார். உள்ளே தொழிற்சாலை உடுப்பு. அக்கா என் பக்கம் திரும்பி, "வேலையால நேர வந்திருக்கிறார், பாவம். உன்ர கதவுக்கு உது விளங்குமே?" என்றார்.

எழுந்து நின்ற கூட்டம்

கடைசிப் பாடலுக்குச் சபையே எழுந்து நின்றுவிட்டது, கோயிலில் நிற்பதைப்போல. கண்ணாடித் துவாரத்தால் பார்த்த மேற்பார்வையாளர் பதறினார். பின்வரிசைக்கு மறைக்கிறதாம். "உள்ளே போய் எல்லோரையும் இருத்து" என்று என்னை அனுப்பினார்.

கதவைத் திறந்தேன். ஒஷாவாக்காரர் எனக்குப் பின்னால் வந்து கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். எல்லோரும் நிற்கும்போது பிந்தி வந்தவரை யார் கண்டுபிடிப்பது? மேடையில் ஒரு பெண்குரல் தனியாக எழும்பியது. அவர் தொப்பியைக் கழற்றினார்.

ஓரக் கதிரைக்கு முன்னால் நின்ற ஓர் அம்மாவின் காதருகே போய், இருக்கச் சொல்லி மெல்லக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்து, "இது ஜெபம், மகள். நீயும் பேசாமல் நில்" என்றார். நின்றேன்.

முடிந்ததா?

அந்தப் பாடல் முடிந்ததும் வெளியே வந்து, கண்ணாடித் துவாரத்தால் பார்த்துக்கொண்டு நின்றேன். காதல் இசைக்குப் பலர் கண்ணைத் துடைத்தார்கள். ஒஷாவாக்காரர் வியர்வையையும் சேர்த்துத் துடைத்தார், கோட்டைக் கழற்றவேயில்லை. புது இசையில் அடிக்கடி நீண்ட மௌனம் வந்தது. எப்போது முடிகிறது என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. கைதட்டல் கேட்டால்தான் நாங்கள் கதவைத் திறக்கலாம். சுகந்தி அக்கா கதவோரம் வந்து, "முடிஞ்சுதோ, இல்லாட்டி இனித்தான் தொடங்கப் போயினமோ?" என்றார்.

வெளியில்

கூட்டம் கலைந்தபோது அந்த மனைவி பூவேலைச் சட்டையோடு ஓடிவந்தார். கணவர் கூச்சத்துடன், தான் பிந்தி வந்ததையும் கதவில் நின்றதையும் சொல்லி, என்னைச் சுட்டிக் காட்டினார். மனைவி அவருடைய கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டபடியே என்னிடம் சொன்னார்: "பாட வாய் திறக்கும்வரை இவரைத் தேடிக்கொண்டிருந்தேன். அத்தனை பேருக்குள்ளும் ஒருவர்தான் கோட்டோடு நின்றார். அதற்குப் பிறகுதான் எனக்குக் குரல் வந்தது."

அரங்கில் நின்ற காலமெல்லாம் எத்தனையோ பேரைச் சரியான கதிரையில் இருத்தியிருக்கிறேன், ஆனால் இன்றுவரை நினைவில் இருப்பவர் நான் இருத்தாமல் விட்ட அந்த ஒருவர்தான்.