இரண்டாம் பக்கத்தில் காற்று

போன சனிக்கிழமை கசற்றில் பாட்டுப் பதிந்து விற்கும் ராசனின் ரெக்கோடிங் பாருக்குள் நான் நின்ற நேரம், கரவெட்டியில் இருந்து ஒருவர் கோபத்தோடு ஏறி வந்தார். கையில் ஒரு கசற். அதை மேசையில் டக்கென்று வைத்தார்.

"தம்பி, உதை மாத்தித் தாரும். ரண்டாம் பக்கம் பழுது."

"என்ன பழுது அண்ணை?"

"பக்கம் துடங்கினவுடனை பாட்டைக் காணேல்லை. வெறும் காத்து இரையுது. ஆரோ இருமுறான், ஏதோ கதைக்கிறான். பேந்துதான் பாட்டு வருது. காத்துக் கேக்கிறதுக்கோ நான் காசு குடுத்து வாங்கினனான்? எங்கடை பனங்காணியிலை நிண்டால் சும்மா கேக்கலாம்."

ராசன் என்னைப் பார்த்தான். 'நீங்களே சொல்லுங்கோ' என்கிற பார்வை. அப்படித் திரும்பி வந்த கசற் அது ஒன்று மட்டும் இல்லை. சுன்னாகத்தில் இருந்து வந்தது, உடுப்பிட்டியில் இருந்து வந்தது... எல்லாருக்கும் ஒரே முறைப்பாடு.

வந்தவரை இருத்தி, ஒரு சோடா உடைத்துக் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் கசற்றை எடுத்துச் சேர்ட் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

வருகிற எல்லாருக்கும் சோடா உடைக்க எனக்கு வசதி இல்லை. ஆகவே இந்த வாரம் என் பத்தியிலேயே எழுதிவிடுகிறேன்.

தாசன் என் மனைவியின் தம்பி. குருநகரில் என் வலைநூல் கடைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் அவனைத் தெரியும். எலெக்ரிக் கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையில் அவன் குதித்த காலத்தில் கிழவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். முதலில் ஒரு குழுவோடு பாடினான். அது மற்றவர்களின் பாட்டு. பிறகு குழுவை விட்டு வந்து, தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தனியே பாடினான். பத்துப் பன்னிரண்டு வருஷம். பெருநாள் மேடை, கோயில் திருவிழா, கல்யாண வீடு — கூப்பிட்ட இடமெல்லாம் போனான். இரண்டொரு பாட்டு ரேடியோவிலும் போனது.

போன வருஷம் அவன் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. கொழும்பில் ஒப்பரேசன். உயிர் மிஞ்சியது. குரல் மிஞ்சவில்லை. கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தான். வாயைத் திறந்தால் காற்றுத்தான் வரும். உதடு அசைவதைப் பார்த்து என் மனைவி சொல்லுவாள் — இன்னது கேட்கிறான், இன்னது வேண்டாம் என்கிறான் என்று. தூக்கி வளர்த்தவள். அவளுக்கு விளங்கும்.

ராசன் அவனோடு ஒன்றாகத் திரிந்தவன். ஒருநாள் கடைக்கு வந்தான்.

"அண்ணை, அவன் தனியப் பாடினது முழுவதையும் ஒரு கசற்றிலை சேர்ப்பம். துடக்கத்திலை இருந்து கடைசி மட்டும், வரிசையா. இப்ப செய்யாட்டி எப்ப செய்யிறது?"

எனக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும்? கோயிலில் பாடுவேன், அதுவும் எல்லாரும் பாடும்போது. ஆனால் மறுக்க மனம் வரவில்லை. இரண்டு பேரும் சைக்கிளிலும் பஸ்ஸிலும் அலைந்தோம். சுன்னாகத்தில் லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவரிடம் ஒரு ஸ்பூல் ஒலிநாடா கிடைத்தது. உடுப்பிட்டியில் ஒரு கல்யாண வீட்டில் பதிந்த கசற். கரவெட்டி அம்மன் கோயில் திருவிழாவில் பாடியது ஒன்று — பாட்டின் நடுவில் பூசை மணி அடிக்கிறது. ராசன் அந்த இடத்தை வெட்டப் பார்த்தான். நான் விடவில்லை. மணி அடித்தால் அடிக்கட்டுமே. எந்தக் கோயில் மணியானால் என்ன?

ஒரு மனிதனின் பாட்டுகளை வரிசையாகக் கேட்பது புதிய அனுபவம். ஒவ்வொன்றாக, இடைக்கிடை கேட்டபோது தெரியாதது அப்போது தெரிந்தது. முதல் பாட்டுகள் எல்லாம் கேலியும் பகிடியும். சந்தையைப் பகிடி பண்ணினான், மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களைப் பண்ணினான், மீன் வாங்கப் போன என்னையும் பண்ணினான். பிறகு ஒரு பாட்டு. அதற்குப் பிறகு பகிடியே இல்லை. மாதாவுக்கு ஒரு பாட்டு, கடலுக்கு ஒன்று, விடியற்புறத்துக்கு ஒன்று... குரல் வரவர மெதுவாகிறது, கிற்றார் வரவர அடங்குகிறது.

அந்த ஒரு பாட்டு எது என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அதன் ஒரு வரியையும் இங்கே எழுதமாட்டேன். மற்றவர்களுக்காக இவ்வளவு மட்டும். எங்கள் கரையில் ஒரு சம்மாட்டியார் இருக்கிறார். சொந்த வள்ளம், சொந்த வலை. ஆனால் கடலில் இறங்கமாட்டார். வள்ளத்தை மற்றவர்களிடம் விட்டுவிட்டுக் கரையில் நிற்பார். கால் நனையாத சம்மாட்டியைச் சிரிக்கிற பாட்டு அது. தாசனின் பெயரை ஊரெல்லாம் கொண்டுபோனது அதுதான். சிறுவர்கள் அவருக்குப் பின்னால் அதைப் பாடிக்கொண்டு போனார்கள். பெரியவர்கள் வாய்க்குள் பாடினார்கள்.

அவர் ஏன் இறங்குவதில்லை? அண்ணனும் தம்பியுமாகப் போன வள்ளம் ஒருநாள் அண்ணனோடு மட்டும் திரும்பி வந்தது. அண்ணன்தான் இந்தச் சம்மாட்டியார். ஊருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும்.

மேடையில் அந்தப் பாட்டைப் பாடச் சொல்லிச் சனம் சத்தம் போட்டால், கிற்றாரில் கம்பி அறுந்துவிட்டது என்று கையைக் காட்டிவிட்டு வேறு பாட்டுக்குப் போய்விடுவான் தாசன். எத்தனை மேடையில் கம்பி அறுந்தது! மலிவான கம்பி வாங்குகிறான் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பாட்டுகளை அடுக்கி ஒரு கசற்றில் பதிந்துகொண்டு ராசன் எங்கள் வீட்டுக்கு வந்தான். அந்தப் பாட்டை இரண்டாம் பக்கத்தில் முதலாவதாக வைத்திருந்தான். அது தொடங்கியதும் தாசன் எழும்பி மெஷினை நிற்பாட்டினான். உதடு அசைந்தது.

"வேண்டாமாம்" என்றாள் என் மனைவி.

"உனக்கென்ன விசரே?" என்றான் ராசன். "உந்தப் பாட்டு இல்லாமல் உன்ரை கசற்றை ஆர் வாங்கிறது? நானும் உன்ரை அத்தானும் மட்டும்தான். அத்தானும் கடனுக்குத்தான் கேப்பார்."

தாசன் சிரிக்கவில்லை. மறுபடியும் உதட்டை அசைத்தான். நீளமாக. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

"அந்தாளிட்டை ஒருநாள் போய்க் கதைக்கவேணும் எண்டு இருந்தவனாம். போவம், போவம் எண்டு நாளைக் கடத்திப்போட்டானாம். இப்ப எதாலை கதைக்கிறதாம்?"

குரல் போன பிறகு பாவசங்கீர்த்தனத்துக்கு அவன் போனபோது சுவாமியார் சொன்னாராம் — 'நீ ஒன்றும் சொல்ல வேண்டாம் மகன், ஆண்டவருக்குத் தெரியும்.' உண்மைதான். கடவுளிடம் குரல் இல்லாமலும் மன்னிப்புக் கேட்கலாம். மனிதனிடம்?

அடுத்த நாள் பின்னேரம் மூன்று பேரும் கரைக்குப் போனோம். அவரிடமே கேட்போம், அவர் சரி என்றால் பாட்டு இருக்கட்டும், இல்லையென்றால் எடுத்துவிடுவோம் என்பது என் யோசனை. ராசன் பற்றரியில் ஓடுகிற சின்ன கசற் ரெக்கோடரைத் தூக்கி வந்தான். உள்ளே அந்தக் கசற்.

சம்மாட்டியார் தன் வாடிக் குடிசைக்கு முன்னால் குந்தியிருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் வலையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தப் பாட்டை நான் இன்னும் முழுசாக் கேக்கேல்லை" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "என்ன சொல்லுறியள் சம்மாட்டியார்?"

"என்னைக் கண்டால் சனம் நிப்பாட்டிப்போடும். இல்லாட்டி நான் கதவைச் சாத்திப்போடுவன். துடக்கம் தெரியும். முடிவு தெரியாது. போடுங்கோ பாப்பம்."

ராசன் தயங்கித் தயங்கிப் போட்டான். பாட்டு ஓடியது. நல்ல பாட்டு — அதுதான் கொடுமை. அவருடைய ஊசி வலைக் கண்ணுக்குள் போய் வந்துகொண்டே இருந்தது. முடியுமட்டும் நிற்கவில்லை.

"கிற்றார் வடிவா இருக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனால் என்ரை தம்பியைப் பற்றி ஒண்டும் இல்லை."

தாசன் அவர் முன்னால் போய் மணலில் இருந்தான். வாயைத் திறந்தான். காற்று வந்தது. என் மனைவியும் பக்கத்தில் இல்லை, எடுத்துச் சொல்ல. பிறகு அவன் ராசனின் கையில் இருந்து மெஷினை வாங்கினான். பாட்டின் தொடக்கத்துக்குத் திருப்பினான். இரண்டு பொத்தானையும் சேர்த்து அமத்தினான்.

இரண்டையும் சேர்த்து அமத்தினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பழையது அழியும், எதிரில் இருக்கும் சத்தம் பதியும்.

"டேய்... உந்தப் பாட்டுக்கு நல்ல கொப்பி உது ஒண்டுதான்ரா" என்றான் ராசன், பாதிக் குரலில்.

தாசன் கேட்கவில்லை. மெஷினை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். காற்று அடித்தது. அலை வந்து போனது. அப்போதுதான் அவனுடைய இடக்கை விரல்களைக் கவனித்தேன். கிற்றார் கழுத்தில் ஓடுவதுபோல அசைந்துகொண்டிருந்தன. பாட்டு எங்கே முடிகிறது என்று தெரியவேண்டுமே — அடுத்த பாட்டு அழியக் கூடாதே. உள்ளுக்குள் அதைக் கடைசித் தடவை முழுவதும் பாடி, பாடப் பாட அழித்துக்கொண்டிருந்தான்.

சம்மாட்டியார் இருமினார். ஊசியைக் கீழே வைத்தார்.

"காணும் தம்பி" என்றார். "விடு."

தாசன் தலையை ஆட்டினான். விடவில்லை. விரல்கள் கடைசி அடி மட்டும் போய் நின்ற பிறகுதான் பொத்தானை எடுத்தான். பிறகு போட்டுப் பார்த்தோம். அடுத்த பாட்டின் முதல் சொல்லும் சேதப்படவில்லை.

வெறுமையாகக் கிடக்கும் இடத்தை மூடி, பாட்டுகளை நெருக்கிவிடலாம் என்றான் ராசன். தாசன் சம்மதிக்கவில்லை. சம்மாட்டியாரிடம் கேட்டோம். "காத்துத்தானே? இருக்கட்டும்" என்றார். இதை எழுதலாமோ என்று பிறகு நான் தனியே போய்க் கேட்டேன். "எழுதும். பேரை மட்டும் விட்டுவிடும். எங்கடை சனத்துக்கு எப்பிடியும் தெரியும், மற்றவைக்கு எதுக்கு?" என்றார்.

அதற்கு அடுத்த ஞாயிறு அவர் எங்கள் கோயிலில் முன்வரிசை வாங்குக்கு வந்துவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசை. வரவில்லை. அந்தப் பாட்டு வந்த நாளில் இருந்து அவர் வழக்கமாக இருக்கிற பின்கதவோரத்தில்தான் இருந்தார். தாசன்தான் எழும்பிப் பின்னுக்குப் போனான். அவருக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றான். பாட்டுப் புத்தகத்தை அவர் பிடித்தார், அவன் தாள்களைப் புரட்டினான். அவர் பாடினார்.

கசற்றில் இருந்து ஒன்றை அழிக்க இரண்டு பொத்தான் போதும். எங்கள் வாய்களில் இருந்து அழிப்பதற்கு என்ன இருக்கிறது? ராசனிடம் நல்ல கொப்பி இல்லை. ஆனால் நீங்கள் எத்தனை பேர் இதை வாசிக்கும்போதே அதை முணுமுணுத்தீர்களோ, எனக்குத் தெரியாது. அந்தக் கொப்பிகள் உங்கள் பொறுப்பு.

தாசனுக்கு அடுத்த மாதம் மறுபடியும் கொழும்புக்குப் போக வேண்டும். எந்தத் தெய்வத்தைக் கும்பிடுகிறவராக இருந்தாலும், அவனை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

கசற்றைத் திருப்பிக் கொண்டு வராதீர்கள். அது பழுதில்லை. இரண்டாம் பக்கம் தொடங்கும்போது சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.