கறுப்புக் குட்டிக்கு வெள்ளைத் தாய்

கெலமங்கலத்தில் மாடு கறந்த கையோடு கம்பெனி வேன் ஏறுவேன். ஓசூரில் இறங்கியதும் குளியல், கவுன், முகமூடி, இரட்டைக் கையுறை. மருந்துச் சோதனைக்குச் சுண்டெலி வளர்க்கும் கூடத்தில் எனக்கு வேலை. அந்த எலிகள் குடிக்கும் தண்ணீர், வீட்டில் நாங்கள் குடிப்பதைவிடச் சுத்தம்.

சேர்ந்த புதிதில் மாமியாருக்கு விளக்கினேன். உடன்பிறந்த எலிகளையே ஜோடி சேர்த்து, இருபது தலைமுறைக்கு மேல் அப்படியே பெருக்கினால் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஆகிவிடும். அப்போதுதான் மாற்றம் மருந்தால் வந்ததா, எலியின் உடல்வாகால் வந்ததா என்ற குழப்பம் இருக்காது.

"அண்ணந்தங்கச்சிக்கா ஜோடி சேக்கறீங்க? நல்லா இருக்குதுடி உங்க கம்பெனி!" என்றவர், ஒரு வாரம் என் கையால் காபி வாங்கிக் குடிக்கவில்லை.

வேலை நிரந்தரமாக இன்னும் பத்து நாள் இருந்தது. அன்று காலை ஒரு கறுப்புத் தாய், தான் ஈன்ற மூன்று குட்டிகளையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. பால் குடித்த குட்டியின் வயிறு தோலுக்குள் வெள்ளையாகத் தெரியும். இவற்றுக்குத் தெரியவில்லை.

நான் யோசிக்கவே இல்லை, கை தானாகப் போனது. ஆடு தன் குட்டியைச் சேர்க்காவிட்டால், வேறோர் ஆட்டின் பாலைக் குட்டிமேல் தடவி அந்த ஆட்டிடமே விடுவோம். தன் வாசம் அடித்தால் நக்கிச் சேர்த்துக்கொள்ளும். பக்கத்துக் கூண்டில் இன்னொரு கறுப்புத் தாய்க்கு நான்கு குட்டிகள். அதன் கூட்டுப் பஞ்சில் மூன்றையும் புரட்டி உள்ளே விட்டேன். மதியம் பார்த்தால் ஏழு வயிற்றிலும் பால்! சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கூண்டின் அட்டையில் எழுதப் போனபோதுதான் உறைத்தது. பக்கத்துக் கூண்டு வேறு வம்சம். பார்வைக்கு ஒன்றுதான், உள்ளே ஒரு மரபணுவை மாற்றியிருந்தார்கள். சந்தையில் நூறு கன்றுக்கு நடுவே எங்கள் கன்றைக் காட்டிவிடுவேன். இங்கே ஏழும் அவரைக்கொட்டை போலக் கிடந்தன.

அங்கே மூன்று செத்தன, இங்கே ஏழு பிறந்தன என்று எழுதிவிட்டால் குட்டிகளும் பிழைக்கும், வேலையும் பிழைக்கும். ஆனால் நாளைக்கு இவற்றை நம்பித்தானே ஒரு மருந்து மனுஷனுக்குப் போகும்? பயந்துகொண்டே மேடத்திடம் சொன்னேன். அவர் கன்னடக்காரர், எங்கள் கூடத்துக்குப் பொறுப்பான கால்நடை மருத்துவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

"அய்யோ தேவ்ரே, அக்கா! நாங்களும் இதேதான் செய்வோம். ஆனா கறுப்புக் குட்டிய வெள்ளைத் தாய்கிட்ட விடுவோம். முடி வந்ததும் எது யாருதுன்னு தெரிஞ்சிடும்."

"சோதிச்சுப் பிரிச்சிடலாமே மேடம்?"

"மாத்தின மரபணு அந்த வம்சத்துல எல்லாக் குட்டிக்கும் வராது. அது இல்லாத குட்டி எந்தத் தாயோடதுன்னு சோதிச்சாலும் தெரியாது. ஒண்ணுல சந்தேகம்னாலும் மொத்தக் கூண்டும் போகணும் அக்கா."

சந்தேகம் உள்ள எலியை எங்கள் கூடத்தில் வைத்திருக்கக் கூடாது. கருணைக்கொலைக்கு ஏழு குட்டிகளையும் நானே எடுத்துக் கொடுத்தேன். வயிறு நிறையப் பாலோடு கைக்குள் வெதுவெதுப்பாக இருந்தன. மூன்றைக் காப்பாற்றப் போய், சொந்தத் தாயிடம் நன்றாகக் குடித்துக்கொண்டிருந்த நான்கையும் சேர்த்துக் கொன்றேன்.

பத்தாம் நாள் வேலை நிரந்தரமானது. "மறைக்காம சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான்" என்று மேடம் கை குலுக்கினார். உத்தரவை வாங்கிக்கொண்டு, கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்து கூண்டுகளைக் கழுவினேன்.